ஆழக் கிணறும் நீளக் கயிறும்

காஞ்சியின் சாயப்பட்டறையில் எந்தச் சாயத்தைக் கரைக்கலாம், எதனைக் கரைக்கலாகாது என்று முடிவு செய்தவர் யார்? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடப்படும் தோலில் எந்த இரசாயனம் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்று வரையறுத்தவர் யார்? நம் வீட்டு முதியவர் அன்றாடம் விழுங்கும் மருந்துக்கு இருபது ஆண்டுக் காப்புரிமை என்று எழுதி வைத்தவர் யார்? இவ்வினாக்களைக் கடைத்தெருவில் எவரிடம் கேட்டாலும் ‘சர்க்கார்’ என்ற ஒரே விடைதான் வரும். எந்தச் சர்க்கார் என்று கேட்டால் சென்னையென்பர், டில்லியென்பர். அவ்விரண்டும் முழு விடை ஆகா.

அஸோ வகைச் சாயங்கள் சிலவற்றை 1994இல் ஜெர்மனி தடை செய்தது. 1997இல் நம் நாடு தடை செய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமையும் தடை செய்தது. புற்றுநோயை விளைவிக்கும் பொருளைத் தடுக்கும் அச்சட்டம் நல்ல சட்டமே. அதில் எமக்கு மறுப்பில்லை. நாம் இங்கே கேட்பது வேறு. நம் தொழிலையும் உடலையும் தொடும் சட்டங்கள் இன்று பிரஸ்ஸல்ஸிலும் ஜெனீவாவிலும் எழுதப்படுகின்றன. அங்கே நமக்கு வாக்கில்லை. வாக்குள்ள ஐரோப்பியக் குடிமகனுக்கும் அங்கே நடப்பது தெரிவதில்லை. அப்படியானால் அச்சட்டத்தை எழுதும் கையைப் பிடித்து நடத்துவது யார் கை?

ஆங்கிலேயர் இதற்கு ‘லாபி’ என்று பெயரிட்டனர். சட்டமன்றத்தின் முன்கூடத்தில் நின்று, உள்ளே செல்லும் உறுப்பினரின் தோளைத் தொட்டுப் பேசுவோரின் தொழில் அது. அரபுப் பத்திரிகைகள் ‘அழுத்தக் குழுக்கள்’ என்று எழுதுகின்றன. நம் பட்டுச் சந்தையில் தரகு என்ற சொல் உண்டு. ஆனால் தரகர் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் முகம் தெரிந்தவர். இவரோ யார் பொருட்டு நிற்கிறார் என்பது பல வேளைகளில் எதிரே நிற்பவருக்கே தெரியாது.

மதரஸாவில் ஓதியவர்கள் அறிந்த ஒரு சொல்லாராய்ச்சியை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். திருமறையின் அல்பகரா அத்தியாயம் 188ஆம் வசனம், பிறர் பொருளை அநியாயமாக உண்பதற்காக அதிகாரிகளிடம் செல்வத்தைக் கொண்டு செல்வதைத் தடுக்கிறது. அங்கே ஆளப்பட்டுள்ள வினைச்சொல் ‘தல்வ்’ எனும் வேரிலிருந்து பிறந்தது. தல்வ் என்றால் வாளி. யூசுஃப் (அலை) அவர்கள் கிடந்த கிணற்றில் வழிப்போக்கர் கூட்டத்துத் தண்ணீர்க்காரன் வாளியை இறக்கினான் என்று கூறுமிடத்தும் அதே வினைதான் வருகிறது. இனி, கையூட்டுக்கு அரபியில் ‘ரிஷ்வத்’ என்று பெயர். அது ‘ரிஷா’, அதாவது வாளியில் கட்டும் கயிறு என்ற சொல்லோடு தொடர்புடையது என்று இப்னுல் அஸீர் (ரஹ்) தம் ‘நிஹாயா’வில் எழுதியுள்ளார். நீரை எட்டாதவன் கயிற்றால் எட்டுகிறான். நியாயத்தால் எட்டாதவன் பணத்தால் எட்டுகிறான்.

இவ்வுவமையை நாம் இன்னும் ஓரடி நீட்டிப் பார்க்கலாம். கிணறு ஆழமாக ஆக, கயிறும் நீளமாக வேண்டும். ஊராட்சித் தலைவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரை எட்டக் கயிறே வேண்டாம், குரல் போதும். சட்டமன்ற உறுப்பினரைப் பேருந்தேறிச் சென்று பார்க்கலாம். டில்லிக்குச் செல்ல இரயில் கட்டணம் வேண்டும். பிரஸ்ஸல்ஸுக்கோ நிரந்தர அலுவலகமும், சட்டம் படித்த ஊழியரும், பல மொழி எழுத்தரும் வேண்டும். அத்துணை நீளக் கயிறு யாரிடம் இருக்கிறது? நாடுகளுக்கு மேற்பட்ட ஆட்சி என்று நம் காலத்தில் எழுந்துள்ள அமைப்புகள் யாவும் ஆழக் கிணறுகளே. அவற்றின் ஆழமே செல்வர்க்கு வசதியாகிவிட்டது என்பது எம் வழக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறையைச் சற்றுப் பார்ப்போம். அங்கே சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை, மக்கள் நேரே தேர்ந்தெடுக்காத ஆணையத்துக்கே உண்டு. 720 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றமும், உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் மன்றமும் அதனைத் திருத்தலாம். இம்மூன்று தரப்பும் மூடிய அறையில் அமர்ந்து இறுதி வாசகத்தைப் பேசி முடிப்பது வழக்கமாகியுள்ளது. இந்நிறுவனங்களைச் சுற்றி நின்று பேசுவோருக்கென 2011இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் இன்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பெயர் பதிந்துள்ளன. பதிவேடு இருப்பது நன்றே. ஆயினும் பதிவேட்டில் பெயர் இருப்பதனால் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது தெரிந்துவிடுமா?

குடிமக்களின் அந்தரங்கத் தகவல்களைக் காக்க அவர்கள் ஒரு சட்டம் இயற்ற முற்பட்டபோது, நாடாளுமன்றக் குழுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் குவிந்தன. அமேசான், ஈபே போன்ற நிறுவனங்களும் அமெரிக்க வணிகர் சங்கமும் கொடுத்த தாள்களிலிருந்த வரிகள், உறுப்பினர்கள் பெயரால் வந்த திருத்தங்களில் அப்படி அப்படியே இருந்ததை 2013இல் சிலர் ஒப்பிட்டுக் காட்டினர். எம்மைப் போன்ற ஆசிரியர்கள் தேர்வறையில் ஒரு சிறுவன் பார்த்து எழுதினால் தாளைப் பறித்து வெளியே அனுப்புகிறோம். அங்கே பார்த்து எழுதியவர்கள் ‘மாண்புமிகு’ ஆனார்கள்!

இரசாயனப் பொருள்களைப் பதிவு செய்து சோதிக்கும் சட்டமும் இத்தகையதே. அது நம் தோல் ஆலைகளை நேரே தொடுவது. 2003 செப்டம்பரில், முன்வரைவு முறைப்படி வெளிவருவதற்கு முன்னரே, ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய மூன்று பெருநாட்டுத் தலைவர்களும் ஆணையத் தலைவருக்குக் கூட்டாகக் கடிதமெழுதித் தம் இரசாயனத் தொழிலின் பொருட்டுக் கடுமையைத் தளர்த்தக் கோரினர். 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் முதலில் எண்ணியதைவிட மெலிந்திருந்தது. அக்கடிதத்தில் இராணிப்பேட்டை என்ற பெயரோ அங்குள்ள தொழிலாளியின் நுரையீரலோ இடம் பெற்றிருக்கும் என்று எண்ண எமக்குக் காரணமில்லை.

இதில் நம்மவரும் விலக்கல்லர் என்பதை வெட்கத்தோடு சொல்லவே வேண்டும். 2022 டிசம்பரில் பெல்ஜியக் காவல்துறை நடத்திய சோதனையில் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் யூரோ ரொக்கம் சிக்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றத் துணைத்தலைவர்களுள் ஒருவரே கைதானார். பணம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நாடுகளுள் கத்தாரும் மொராக்கோவும் இருந்தன. அந்நாடுகளும் கைதானவரும் மறுத்துள்ளனர். தீர்ப்புக் கூறுவது எம் வேலையன்று. ஆனால் மேனாட்டார் செய்தால் சூழ்ச்சி, முஸ்லிம் நாடு செய்தால் இராஜதந்திரம் என்று பேசும் சில இளைஞரின் வாதத்தை யாம் ஏற்கமாட்டோம். கயிறு எந்த நாட்டில் திரித்ததாயினும் கயிறுதான்.

ஜெனீவாவின் கதை இதனினும் நீண்டது. நமக்கு மிக அண்மையானதும் அதுவே.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே ஒரே மருந்தை வேறு முறையில் செய்து மலிவாக விற்க நம்மவரால் இயன்றது. 1935இல் பம்பாயில் குவாஜா அப்துல் ஹமீது அவர்கள் நிறுவிய சிப்லா அவ்வாறு வளர்ந்ததே. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு மருந்து வாங்க முடியாமல் மடிந்துகொண்டிருந்தபோது, அவர்தம் மகனார் யூசுஃப் ஹமீது அவர்கள் 2001இல் ஆண்டொன்றுக்கு 350 டாலருக்கு அம்மருந்தைத் தர முன்வந்ததை உலகம் அறியும். அந்த ஒரு முன்வரவுக்குப் பின்னால் இருந்தது, 1970இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்.

அச்சட்டத்தை மாற்றியது எது? 1986இல் அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் பதின்மூன்று ஒரு குழுவாகக் கூடின. மருந்துத் துறையின் ஃபைசரும் கணிப்பொறித் துறையின் ஐ.பி.எம்.மும் அதனைத் தொடங்கி வைத்தன. மெர்க், மான்சான்டோ, ட்யூபான்ட் போன்றவை சேர்ந்தன. அதே ஆண்டு உருகுவே நாட்டில் உலக வணிகப் பேச்சு தொடங்கியது. 1988இல் இக்குழு ஐரோப்பிய, ஜப்பானியத் தொழிலதிபர் சங்கங்களோடு சேர்ந்து, அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் எவ்வாறு அமையவேண்டும் என்று ஒரு வரைவையே எழுதி அரசுகளிடம் அளித்தது. 1994 ஏப்ரலில் மராக்கேஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை பெரும்பாலும் அவ்வழியிலேயே அமைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் சட்டத்தை மாற்றிய ஒரு பத்திரத்தின் கருவை, எந்த நாட்டு மக்களும் தேர்ந்தெடுக்காத பதின்மூன்று கம்பெனிகள் வகுத்தன! உலக வணிக அமைப்பில் நாட்டுக்கு ஒரு குரல், கருத்தொற்றுமையால் முடிவு என்று ஏட்டில் இருக்கிறது. ஆனால் கடினமான பேச்சுகள் யாவும் அழைக்கப்பட்ட சில நாடுகள் மட்டும் அமரும் ‘பச்சை அறை’யில் நடந்து, வெளியே நிற்கும் ஏழை நாடுகளிடம் முடிந்த முடிவாக வருவதே பழக்கம்.

நம் நாடாளுமன்றம் அவ்வுடன்படிக்கைக்கு முன்கூட்டி ஒப்புதல் தந்ததா என்று கேட்பீர்கள். தரவில்லை, தரவேண்டிய கட்டாயமும் நம் அரசியலமைப்பில் இல்லை. அமைச்சரவையே வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். கையெழுத்தான பின், அதற்கேற்பச் சட்டம் திருத்துவது மட்டுமே மன்றத்துக்கு எஞ்சிய வேலை.

ஆயினும் அந்த எஞ்சிய வேலையில் நிகழ்ந்த ஒன்றைக் கவனியுங்கள். 2005இல் காப்புரிமைச் சட்டத் திருத்தம் மன்றத்துக்கு வந்தபோது, நோயாளிகள் சங்கத்தாரும், இடதுசாரி உறுப்பினர்களும், உள்நாட்டு மருந்து உற்பத்தியாளரும் வெளிப்படையாக வாதாடினர். அதன் பயனாக, பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(ஈ) போன்றதொரு வலுவான உட்பிரிவு சட்டத்தில் ஏறியது. ஆங்கில எழுத்தில் 3(டி) என்பர். அவ்விதியின்படிதான் இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2007இல் உயர்நீதிமன்றத்தில் அந்நிறுவனம் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் இலட்சத்துக்கு மேல் விலை வைக்கப்பட்ட மருந்து, அதில் பத்திலொரு பங்குக்கும் குறைந்த விலையில் ஏழைக்குக் கிடைக்கும் வழி அடைபடாமல் நின்றது. ஜெனீவாவில் பதின்மூன்று கம்பெனிகள் வென்றன; டில்லியில் நோயாளியின் குரலும் சட்டத்தில் ஏறியது. டில்லியில் இருப்போர் ஜெனீவாவில் இருப்போரைவிடப் புனிதர் என்பதனாலா? இல்லை. கிணறு அங்கே ஆழம் குறைவு, அவ்வளவே.

பெருந்தொற்றின் போதும் இதையே கண்டோம். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும், தடுப்பூசிக்கும் மருந்துக்கும் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்குமாறு கேட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் எதிர்த்தன. மருந்துக் கம்பெனிகள் அந்நாட்டுத் தலைநகரங்களில் ஓயாது உழைத்தன. 2022 ஜூனில் ஒரு முடிவு வந்தபோது, அது கேட்டதில் ஒரு துண்டாகச் சுருங்கியிருந்தது. இறந்தோர் இறந்தனர்.

இப்போது தோல். நம் வாசகக் குடும்பங்களுள் பலவற்றுக்கு வட ஆர்க்காட்டுத் தோல் ஆலைகளோடு உறவுண்டு. ஆகவே இதனைச் சற்று விரித்துரைக்கிறோம். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பைத் தடுக்கும் ஒரு சட்டத்தை இயற்றியது. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, இரப்பர், சோயா, மரம் ஆகியவற்றிலிருந்து வரும் பொருள்கள், 2020ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் அழிக்கப்பட்ட காட்டு நிலத்தில் விளைந்தவையல்ல என்று இறக்குமதி செய்வோர் மெய்ப்பிக்கவேண்டும். மாட்டுத் தோலும் அப்பட்டியலில் உண்டு. மாடு எங்கெங்கே வளர்ந்தது என்று இடத்தின் அளவீட்டோடு காட்டவேண்டும். அமேசான் காட்டை எரித்துப் பண்ணை வைக்கும் பெருமுதலாளியை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. அவ்வளவில் அது நியாயமே. ஆனால் நம் நாட்டுத் தோல் எங்கிருந்து வருகிறது? ஒரு விதவையின் கொல்லையில் வளர்ந்த பசு, சந்தையில் கைமாறி, மறு சந்தையில் கைமாறி, தோலாகி, மண்டிக்கு வந்து, உப்பிட்ட கட்டில் நூற்றோடு நூற்றொன்றாய் ஆம்பூருக்கு வருகிறது. அந்தப் பசுவின் ஊரை எவர் எழுதி வைத்தார்? சட்டத்தை எழுதியவர் இதனை அறிந்து கேட்டிருந்தால், வேறொரு ஏற்பாடு செய்திருக்கலாம்.

இச்சட்டம் 2024 இறுதியில் நடைமுறைக்கு வரவேண்டியது. ஓராண்டு தள்ளி வைத்தனர். 2025 டிசம்பரில் மீண்டும் ஓராண்டு தள்ளி வைத்தனர். நம் வணிகர் சிலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அது நம் குரலால் கிடைத்த அவகாசமா? பெருநாட்டு அரசுகளும் மரத்தொழிலாரும் பெரும்பண்ணையாரும் கொடுத்த அழுத்தத்தில் கிடைத்தது. அவர்கள் காரியம் முடிந்த நாளில் நம் காரியம் முடியாமல் கிடக்கும். அத்துடன், தள்ளிப்போன ஒவ்வோராண்டும் எங்கோ ஒரு காடு எரிந்தது. பிறர் இழுத்த கயிற்றில் நம் குடமும் நிரம்பிற்று என்பதற்காக அக்கயிற்றை நாம் புகழவேண்டியதில்லை.

இனி, எதிர்வாதம் கூறுவாரைக் கவனிப்போம். “எல்லாரும்தான் தம் நலத்தை அரசிடம் எடுத்துரைக்கிறார்கள். நெசவாளர் மனுக் கொடுக்கவில்லையா? அதிகாரிக்குத் தொழிலறிவு எங்கிருந்து வரும்?” என்பது அவர்தம் வாதம். இதில் பாதி உண்மை உண்டு. கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தனர். 2013இல் 15 ஆக உயர்த்தினர். மலிவான சீனப் பட்டு வேண்டுமென்று நெசவுத் தரப்பு கேட்டது; வேண்டாமென்று கர்நாடகப் பட்டுப்புழு விவசாயி கேட்டார். இருவரும் ஏழைகள், இருவர் கோரிக்கையும் நியாயம். இருவரும் ஊர்வலம் போனார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், உறுப்பினரை மறித்துக் கேட்டார்கள். அதனை யாம் குறை கூறோம். எவர் கேட்டார், என்ன கேட்டார் என்பது ஊருக்கே தெரியும். தோற்றவர் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். பிரஸ்ஸல்ஸில் தோற்றவர் எவரிடம் கணக்குத் தீர்ப்பார்?

பெருமானார் (ஸல்) அவர்கள் பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் திரட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பிய நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. திரும்பி வந்தவர், இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய்தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு வந்திருக்குமா என்று வினவினார்கள். அரசியல் நூல்கள் ஆயிரம் எழுதினாலும் இவ்வினாவைவிடக் கூரிய உரைகல் இல்லை. பத்தாண்டுகள் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராயிருந்த பரோஸோ, பதவி முடிந்த இரண்டாம் ஆண்டிலேயே, 2016இல், கோல்ட்மன் சாக்ஸ் என்ற பெருவங்கியில் உயர்பதவி ஏற்றார். அவர் போர்ச்சுகலில் தம் தாய் வீட்டில் அமர்ந்திருந்தால் அப்பதவி வாசல் தேடி வந்திருக்குமா? ஒன்றியத்தின் நெறிக்குழு ஆராய்ந்து, விதி எதுவும் மீறப்படவில்லை என்றது. மீறப்படாத விதி எப்படிப்பட்ட விதியோ!

எம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அங்குப் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளை 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் எடுத்துப் பேசினார். மேடையில் புகழ்வது எளிது. அந்தச் சபையில் நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணருக்கே இடம். நெசவாளனுக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை. ஆகவே அதனை முழு மக்களாட்சியென்று கொண்டாட யாம் அணியமாயில்லை. ஆனால் அதன் தகுதியின்மைப் பட்டியலைப் படியுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது. அவனோடு அவன் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. ஏரியையும் தோட்டத்தையும் காக்கும் ஒரு கிராமக் குழுவுக்கே இவ்வளவு எச்சரிக்கை! ஒரு கண்டத்தின் சட்டத்தை எழுதியவர் பதவி விட்ட மறு ஆண்டுகளிலேயே தாம் கட்டுப்படுத்திய தொழிலின் ஊதியத்தில் அமரலாமென்றால், ஆயிரமாண்டுக்கு முற்பட்ட அச்சபையார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

தோல் வணிகப் பெருமக்களுள் சிலர், “நாமும் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஆளை அமர்த்தினால் என்ன?” என்று எம்மிடம் கேட்டதுண்டு. அமர்த்துங்கள், தடுக்கவில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்கப்போவது பெரிய ஏற்றுமதியாளர். அவர் பேச்சில் மண்டிக்காரர் வருவாரா? தோலை உப்பிடும் கூலியாள் வருவாரா? பாலாற்றில் கலந்த கழிவால் கிணறு கெட்ட விவசாயி வருவாரா? பெருநிறுவனங்கள் நமக்குச் செய்ததை நாம் நம் ஊர் எளியவருக்குச் செய்வதாய் அது முடியலாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தோடு நம் அரசு 2007இல் தொடங்கிய வணிக ஒப்பந்தப் பேச்சு 2013இல் நின்று 2022இல் மீண்டும் தொடங்கியது. இத்தகைய பேச்சுகளில் எந்தத் தொழிலார் எந்த அதிகாரியை என்று சந்தித்தார் என்ற பட்டியல் வெளியிடப்படவேண்டும். கையெழுத்துக்கு முன் வாசகம் நாடாளுமன்ற நிலைக்குழுவின் மேசைக்கு வரவேண்டும். மாநில அரசுகளுக்கும் தமிழில் கிடைக்கவேண்டும். இதனைக் கேட்க பிரஸ்ஸல்ஸுக்குப் போகவேண்டியதில்லை. காஞ்சித் தொகுதிக்கும் வேலூர்த் தொகுதிக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தோல் தொழிலாளர் சங்கங்களும் தத்தம் பெயரைப் போட்டு, தேதியிட்டு எழுதட்டும். எழுதியதில் ஒரு படியை இவ்விதழுக்கும் அனுப்பினால், வந்த விடையோடு சேர்த்து ஆசிரியர் அச்சிடுவார் என்று நம்புகிறோம். விடை வராவிட்டால், வரவில்லை என்பதையும் தேதியோடு அச்சிடலாம்.